மாடியில் வழி தவறிய கல்யாணம்

மக்களே, போன ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியைத் தேய்த்துக் கழுவும்போது தரையில் இருக்கிற பெயின்ட் கோடுகளைக் காட்டி, "இதை யாருப்பா கிறுக்கினது?" என்று கேட்டீர்கள். கடைக்கு லோடு வந்துவிட்டதால் பாதியில் இறங்கிப் போய்விட்டேன். வாயால் சொல்வதைவிட எழுதினால் எனக்கு நிதானமாக வரும். அதனால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அவை கிறுக்கல் இல்லை. மேடைகள். சிவப்புக் கட்டம் ஒரு மேடை. அதன்மேல் கோணலாக ஏறி நிற்கிற நீலக் கட்டம் இன்னொரு மேடை. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வளைந்து போகிற மஞ்சள் கோடு வேறொன்று. பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் வருடா வருடம் வந்து, தாங்கள் நடிக்கப்போகிற அரங்கத்தின் அளவை நம் மாடியில் வரைந்துகொண்டு, அதற்குள் நின்று நாடகம் பழகினார்கள். நீங்கள் பாண்டி ஆடியது, கீழே விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டது, எல்லாம் அந்த மேடைகளின்மேல்தான்.

இந்த மலையாளத்து ஊரில் நம் வீடு இருக்கிற இருப்பு உங்களுக்குத் தெரியும். கீழே முதலாளியின் மொத்தக் கடை, நடுவில் குடோன், அதற்கு மேல் நாம், நமக்கு மேல் ஆகாயம். குடோனில் வத்தல் மிளகாய் மூட்டை இறங்கினால் மாடியில் நிற்கிறவனுக்கும் கண்ணில் நீர் வரும். முதன்முதலில் ஒரு மாணவன் கடைக்கு வந்து பழைய சாக்கு கிடைக்குமா என்று கேட்டான். எதற்கு என்றேன். நாடகத்துக்கு, பின்னால் தொங்கவிட என்றான். கிழியாததாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். கட்டித் தோளில் வைத்துக்கொண்டவன் போகாமல் நின்று, மலையாளம் கலந்த தமிழில் கேட்டான்.

"அண்ணாச்சி, இங்கே அடுத்து எங்கயெங்கிலும் நின்னு கத்தறதுக்கு ஒரு ஸ்தலம் கிட்டுமா?"

"கத்தவா?"

"டயலாக்கு அண்ணாச்சி. காலேஜ்ல எங்களுக்கு ஹால் கிட்டல."

முதலாளி கல்லாவில் இருந்தபடியே, "மாடி மேல குடியிருக்கிறவங்க பாடு. அந்த அக்காகிட்ட கேளு," என்று கையை மேலே காட்டினார். உங்கள் அம்மா படியிறங்கி வந்து அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"கத்துங்க. விளக்கு வைக்கதுக்குள்ள எறங்கிரணும். என் துணிக்கொடில மட்டும் யாரும் கை வைக்கக்கூடாது."

அப்படித்தான் தொடங்கியது.

அவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்தில் இடமே இல்லையா என்று நானும் கேட்டிருக்கிறேன். இடம் உண்டு, குழுக்கள்தான் அதிகம் என்றார்கள். எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். வருடத் தொடக்கத்தில் ஒரு நாடகக் குழு இருக்கும். எந்த நாடகம் போடுவது என்ற பேச்சு வந்ததும் அது இரண்டாகும். யார் நடிப்பது என்ற பேச்சு வந்ததும் மூன்றாகும். முதலில் கேட்ட குழுவுக்கு அரங்கம். மற்றவர்கள் மரத்தடிக்கும் சைக்கிள் ஷெட்டுக்கும் நம் மாதிரி ஆட்களின் மாடிக்கும் போவார்கள். பரீட்சை வந்துவிட்டால் எல்லாக் குழுவும் ஒன்றாகிப் புத்தகத்துக்குள் மறைந்துபோகும். அடுத்த வருடம் வேறு முகங்கள் வந்து நின்று, அதே பெயரைச் சொல்லி, "நாங்கதான் அண்ணாச்சி அந்தக் குழு," என்பார்கள். நானும் சரி என்பேன். போன வருடம் வந்தவர்கள் எங்கே என்று கேட்டால், ஒருத்தன் துபாய், ஒருத்தி பேங்க், ஒருத்தனைப் பற்றித் தகவல் இல்லை என்பார்கள்.

அவர்கள் குழுவுக்கு வைத்த பெயர்கள் என் வாயில் நுழையாது. உங்கள் அம்மா வைத்த பெயர்கள்தான் நிற்கின்றன. முதலில் வந்தவர்கள் கத்துற கூட்டம். அதற்குப் பிறகு பேசாத கூட்டம். அந்தப் பிள்ளைகள் வாயே திறக்காமல் ஒரு முழு நாடகம் பழகினார்கள். எதிர் மாடியில் அப்பளம் காயவைக்கிற அம்மாள் சில நாள் பார்த்துவிட்டு, உங்கள் அம்மாவைக் கைப்பிடிச் சுவர் ஓரம் கூப்பிட்டு, "உங்க வீட்டுல என்ன துக்கம்? வந்தவங்க ஒருத்தரும் பேச மாட்டேங்காங்களே," என்று விசாரித்தாள். பிறகு எண்ணெய் டின்களைத் தட்டிக்கொண்டு ஒரு கொட்டுக் கூட்டம். அவர்களைத் திட்டுவதற்கு ஏறிப்போன முதலாளி, கடைசியில் ஒரு டின்னை மடியில் வைத்துத் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இவர்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு பழக்கம் இருந்தது. நம் மாடிக்கு மேல் விமானம் தாழ்ந்து போகும் அல்லவா, அந்த இரைச்சல் வந்ததும் பேசிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிடுவார்கள். அடிக்க ஓங்கிய கை ஓங்கியபடி, அழுகிற வாய் திறந்தபடி. விமானத்தின் நிழல் கோடுகளின்மேல் வழுக்கிக்கொண்டு போய், எதிர் மாடி அப்பளங்களின்மேல் ஏறி மறைந்ததும், விட்ட சொல்லிலிருந்து தொடருவார்கள். யார் தொடங்கிவைத்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு குழு போய் அடுத்த குழு வரும்போது யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததாகவும் நான் பார்க்கவில்லை. ஆனாலும் புதிதாக வந்தவர்களும் முதல் விமானத்துக்கே அசையாமல் நின்றார்கள். ஏணிப்படியில் உட்கார்ந்து அதைப் பார்க்கும்போது எனக்கு, நான்தான் தூங்கிவிட்டேனோ, இவர்கள் என் தூக்கத்துக்குள் நிற்கிறார்களோ என்று இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லோடு வந்தாலொழியக் கடை இல்லை. சாப்பிட்டுப் பாயில் சாய்ந்தால் தலைக்கு மேல் காலடிகள் கேட்கும். ஒரு வருடம் அந்தக் காலடிகள் நின்று பேசுகிற மாதிரி இல்லாமல், வரிசையாக, மெதுவாக, வடக்கிலிருந்து தெற்காகப் போய்க்கொண்டே இருந்தன. போய், திரும்பி, மறுபடியும் போயின. யாரோ வாயாலேயே நாதசுரம் வாசித்தார்கள். கூரைக்கு மேல் ஒரு கல்யாண ஊர்வலம் முடிவில்லாமல் நடந்துகொண்டிருந்தது. அந்த வருடத்தைத்தான் உங்களுக்கு முழுதாகச் சொல்ல வேண்டும்.

உங்கள் அம்மா அவர்களுக்கு வைத்த பெயர் கல்யாணக் கூட்டம். நாடகத்தின் கதை இது. ஒரு பெண்ணை அலங்கரித்து, மாப்பிள்ளை வீட்டுக்கு ஊர்வலமாக அழைத்துப் போகிறார்கள். மாப்பிள்ளை வீடு எது என்று பக்கத்தில் நடக்கிறவனுக்குத் தெரியும் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு நடக்கிறார்கள். ஒருவருக்கும் தெரியாது. தெருத்தெருவாகச் சுற்றுகிறார்கள். பார்த்த தெருவே திரும்பத் திரும்ப வருகிறது. முன்னால் வாய் நாதசுரக்காரன், அவன் பின்னால் தாம்பாளம் ஏந்தியவர்கள், அதற்குப் பின்னால் மணப்பெண், அவள் தலைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு தாய்மாமன். தாய்மாமனாக நடித்தவன் பனை மாதிரி நெட்டைப் பையன்.

எழுதி நடத்தியவன் கல்லாற்றுப் பையன். பொன்முடி மலைக்குப் போகிற வண்டிகள் நிற்கிற இடத்தில் அவன் வீட்டாருக்குச் சின்னக் கடை. வழி கேட்டு நிற்கிறவர்களைப் பார்த்தே வளர்ந்தவன். "வழி தெரியாதவன் முகம் ரொம்ப அழகா இருக்கும் அண்ணாச்சி," என்று ஒரு தடவை சொன்னான்.

மணப்பெண்ணாக நடித்தவள் பாறசாலைக்கு அந்தப் பக்கம், எல்லையோரத்துப் பிள்ளை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், ஞாயிற்றுக்கிழமை சபையில் இரண்டும். அப்பாவுக்கு வாழைத் தோட்டம். இங்கே ஹாஸ்டலில் இருந்து படித்தாள். குட்டையான பிள்ளை; குரல் மட்டும் குடோனைத் தாண்டிக் கடைக்கு வரும்.

ஒரு நாள் அவள் ஒத்திகைக்கு வந்து, மாலையைப் போட்டுக்கொள்ளாமல் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். உங்கள் அம்மா துணி எடுக்கப் போனவள், என்ன என்று கேட்டாள். ஒத்திகையில் மாலையோடு நிற்கிற படத்தை யாரோ வாட்ஸப்பில் யாருக்கோ அனுப்பி, அது ஊரெல்லாம் சுற்றி, அவள் அப்பாவின் போனுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. படத்தோடு ஒரு பேச்சும் சேர்ந்து போயிருக்கிறது. மேடையில் வைத்துத் தாலி கட்டுகிறார்களாம்.

"நாடகம்னாலும் கல்யாணம் கல்யாணம்தான்னு சொல்றாரு அக்கா."

"கதையிலதான் தாலியே கட்டலியே. அதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்ல மாட்டேன். என்னை நம்பாம யாரோ அனுப்புனத நம்புறாருல்லா? வந்து பாருங்கன்னு சொல்லிட்டேன்."

"பாத்துட்டு?"

"பிடிக்கலேன்னா அன்னைக்கே பையும் எடுத்துக்கிட்டு அவருகூடப் போயிரணும். ஹாஸ்டல் வேண்டாம், வீட்டுல இருந்தே பஸ்ஸுல போய்ப் படிச்சாப் போதும்னு சொல்லிட்டாரு. நானும் சரின்னுட்டேன்."

வீட்டிலிருந்து வந்து போகிற பிள்ளைகளுக்குச் சாயங்கால ஒத்திகை கிடையாது. பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். ஒத்திகை இல்லாதவளுக்கு நாடகமும் கிடையாது. அது மாடியில் நின்ற எல்லாருக்கும் தெரிந்தது.

நெட்டைப் பையன்தான் வாய் திறந்தான். "உங்கப்பா முன்னாடி நான் எப்படிக் குடை பிடிக்க? கை உதறும்."

"நீ உதறினாலும் உதறாட்டியும் குடை ஆடத்தான் செய்யும், கொக்கே," என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து மாலையைப் போட்டுக்கொண்டாள்.

அது ஐப்பசி. தினமும் மத்தியானத்துக்கு மேல் மழை கொட்டிவிட்டு, சாயங்காலம் ஒரு மஞ்சள் வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்தில் ஒத்திகை. துணி எதுவும் காயாத மாதம். கொடியில் நான் இடுப்பில் கட்டுகிற சாரமும், உங்களில் மூத்தவரின் யூனிபாரமும், அம்மாவின் மஞ்சள் சேலையும், கைக்குழந்தையாக இருந்த சின்னவரின் துணிகளும் எந்நேரமும் தொங்கும். ஊர்வலம் போகிற வழியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கொடி போனது. கொடியைக் கொஞ்சம் மாற்றிக் கட்டலாமா என்று கல்லாற்றுப் பையன் கெஞ்சிப் பார்த்தான்.

"சேச்சி, அந்தக் கயிறு மட்டும் ஒண்ணு மாத்திக் கெட்டிக்கோட்டே?"

"ஏன், உங்க ஊர்வலத்துல ஒருத்தருக்கும் முதுகு வளையாதோ?"

வளைத்தார்கள். நாதசுரக்காரன் வாசிப்பை நிறுத்தாமலே குனிந்து போவான். தாம்பாளக்காரர்கள் தாம்பாளத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிவார்கள். மணப்பெண் குனிய வேண்டியதில்லை, அவள் உயரம் அப்படி. ஆனால் அவள் நின்று, இரண்டு கையாலும் கயிற்றை உயர்த்திப் பிடித்து, "வா கொக்கே," என்று பின்னால் குடையோடு வருகிறவனைக் கடத்திவிட்டுத்தான் போவாள். மழைத்தண்ணீர் துணியிலிருந்து அவள் மணிக்கட்டு வழியாக ஓடி முழங்கையில் சொட்டும். ஈரத் துணிகளுக்குள் ஒவ்வொருவராகப் போய் மறைந்து, அந்தப் பக்கம் ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். தெரு மாறிவிட்ட மாதிரி இருக்கும். நானே எத்தனையோ சாயங்காலம், கீழே லோடு நிற்பதை மறந்து, அவர்கள் போய்ச் சேரும் இடத்தைப் பார்க்கக் காத்திருந்திருக்கிறேன்.

நாடகத்தன்று மத்தியானமே அவள் அப்பா வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை, கையில் ஒரு சீப்பு மட்டி வாழைப்பழம். கடையில் என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார், சிரிக்கவில்லை. வீட்டுக்கு அழைத்துப் போனேன். அவள் காலையிலேயே ஹாஸ்டலிலிருந்து கொண்டுவந்து வைத்த பை கதவோரம் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"பிள்ளையள் ஆடுத எடம் எது?"

"மேல. வாங்க, காட்டுதேன்," என்று உங்கள் அம்மா முன்னால் ஏறினாள்.

மாடியில் அவரும் கொடிக்கு அடியில் குனிந்துதான் போனார். மஞ்சள் சேலையின் ஓரம் அவர் தலையைத் தடவிவிட்டுப் போயிற்று. கோடுகளைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார்.

"இஞ்ச என்ன இருக்கு? துணியும் கோடும்தானே."

"ஒங்க மக தெனமும் இங்கதான் நடந்தா. நடந்துக்கிட்டே இருந்தா. ஒரு நாளும் போய்ச் சேரல," என்றாள் உங்கள் அம்மா.

"சேராம இருந்தாக் கொள்ளாம், அதுதான் நல்லது," என்றார் அவர்.

அம்மாவால் சின்னவரை வைத்துக்கொண்டு வர முடியவில்லை. "நீங்க அவரு பக்கத்துல இருங்க. நடுவுல எழுந்து போகாமப் பாத்துக்கிடுங்க," என்று என்னிடம் சொல்லி அனுப்பினாள். அந்தப் பிள்ளையும் அதைத்தான் கேட்டிருந்தது. பையை நான் தூக்கிக்கொண்டேன். மூத்தவர் என் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். உங்களுக்கு அது நினைவிருக்க வாய்ப்பில்லை.

அரங்கத்தில் பிள்ளைகள் கூட்டம். நாற்காலி முடிந்து சுவரோரமும் நின்றார்கள். அவர் குடையை முழங்காலுக்கு நடுவில் நட்டு, அதன் பிடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். பை என் காலடியில். விளக்கு அணைந்தது. நான் கொடுத்த சாக்குகள் போல இங்கேயும் பின்னால் சாக்குப் படுதா தொங்கியது. அதன்மேல் மஞ்சள் வெளிச்சம் விழுந்தபோது நம் மாடியின் சாயங்காலம் அப்படியே இருந்தது.

வாய் நாதசுரம் கேட்டது. ஊர்வலம் ஓரத்திலிருந்து வந்தது. முன்னால் வந்தவன் மேடையின் நடுவுக்கு வந்ததும், வாசிப்பை நிறுத்தாமல், முதுகை வளைத்துக் குனிந்து, நாலடி போய் நிமிர்ந்தான்.

அங்கே எதுவும் இல்லை. வெறும் மேடை.

அவனுக்குப் பின்னால் தாம்பாளக்காரர்கள், ஒவ்வொருவராக, அதே இடத்தில், தாம்பாளத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்தார்கள். மணப்பெண் தடுமாறினாள், நிற்பதா போவதா என்று தெரியாமல் நேராக நடந்தாள். பின்னால் வந்த தாய்மாமன் அவள் கயிற்றைத் தூக்கியிருப்பாள் என்று பாதி நம்பி, பாதி நம்பாமல், குடையோடு மடங்கினான். குடை அவள் தலையில் இடித்தது.

அரங்கம் சிரித்தது.

"எனக்க மோளப் பாத்தா சிரிக்கியாவ?" என்றார் அவள் அப்பா.

"இல்ல. முன்னால போனவனப் பாத்து."

"அவன் என்னத்துக்குக் குனிஞ்சான்?"

ஓரத்தில் கல்லாற்றுப் பையன் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. "அது எங்க வீட்டுத் துணிக்கொடி," என்றேன். "மத்தியானம் நீங்களும் குனிஞ்சீங்களே, அதேதான். மாசக்கணக்கா குனிஞ்சு குனிஞ்சு உடம்பு பழகிருச்சு."

அவர் என்னையே பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்தார்.

ஊர்வலம் அடுத்த தெருவுக்கு வந்தது. இந்தத் தடவை குனியக்கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டு வந்தார்கள் போலிருக்கிறது. அது இன்னும் மோசமானது. நாதசுரக்காரன் நிமிர்ந்து போனான், அடுத்தவன் பழக்கத்தில் குனிந்தான், அவன் பின்னால் வந்தவன் அவன்மேல் முட்டினான், ஒரு தாம்பாளம் உருண்டு போயிற்று. பின்வரிசையில் யாரோ, "குனியடா, குனியடா!" என்று கூவினார்கள். அரங்கம் முழுக்க ஒரே சிரிப்பு.

அப்போதுதான் பக்கத்தில் முணுமுணுப்பு கேட்டது. "அந்தா, ஒங்க சாரத்துக்கு அடியில போறான் பாருங்க. அடுத்தது ஒங்க வீட்டுக்காரிக்க மஞ்சச் சேலை." குடைப்பிடியில் மோவாயை வைத்துக்கொண்டு அவர் முன்னால் சாய்ந்திருந்தார். நெட்டைப் பையன் வந்தபோது, "குனி மக்கா, குனி, தலை இடிக்கும்," என்று தனக்குள் சொன்னார். அத்தனை பேர் இருந்த அரங்கத்தில், அந்த மேடையில் ஈரத் துணி தொங்குவது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரிந்தது.

மூன்றாவது தெரு. சிரிக்கத் தயாராக எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் போனவர்கள் போனார்கள். மணப்பெண் அந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள். மேலே பார்த்தாள். இரண்டு கையையும் உயர்த்தி, இல்லாத கயிற்றைப் பிடித்து, கனமான எதையோ தூக்குகிற மாதிரி மெதுவாகத் தூக்கினாள். தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாய்மாமன் குடையை மடக்காமல் அதன் அடியில் நிமிர்ந்து போனான். முன்னால் போயிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, அவள் கைக்கு அடியில் மறுபடியும் நுழைந்து போனார்கள். எங்கோ ஒரு வாசலைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி போனார்கள். அவள் கை இறங்கவில்லை. முழங்கையில் தண்ணீர் சொட்டுகிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. விமானம் போகும்போது நம் மாடி நிற்குமே, அப்படி நின்றது அந்த அரங்கம். கடைசியாக அவள் தானும் கடந்து, கயிற்றைக் கைவிட்டு, எங்களைப் பார்த்துத் திரும்பி ஏதோ சொன்னாள். அதற்குள் கைத்தட்டல் எழுந்துவிட்டது. என்ன சொன்னாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை.

வெளியே வந்தாள். மாலையைக் கழற்றியிருந்தாள், நெற்றிச்சுட்டி அப்படியே இருந்தது. அப்பா பக்கத்தில் வந்து நின்றாள். அவர் என் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். அவள் முகம் அணைந்துபோயிற்று.

பஸ் ஸ்டாண்டு இருக்கிற தம்பானூருக்கு நடந்தே வந்தோம். மழை பெய்து ஓய்ந்த ரோட்டில் வண்டிகளின் விளக்கெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன. ஒரு கடையில் டீயும் மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தார். மூத்தவருக்கு ஊதி ஊதிக் கொடுத்தார். அவள் டீயைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"கொடியைத் தூக்கினியே, அது முன்னமே சொல்லி வச்சதா?" என்று நான் கேட்டேன், பேச்சுக்கு.

"தெரியல அண்ணாச்சி. கொக்குக்குத் தலை இடிக்குமேன்னு இருந்துச்சு. கை போயிருச்சு."

அவர் திடீரென்று சிரித்தார். டீ புரையேறியது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "மேடையில வச்சுத் தாலி கெட்டுவானுவன்னுல்லா சொன்னாவ. மாப்பிளைக்க வீட்டையே கண்டுபிடிக்கத் தெரியாத பயலுவ! இவனுவளா தாலி கெட்டப் போறானுவ?"

அவளும் சிரித்துவிட்டாள். ஆனால் பை அவர் தோளில்தான் இருந்தது.

பாறசாலை பஸ் கிளம்பத் தயாராக நின்றது. அவர் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்து இடம் காலி. அவள் ஜன்னலுக்கு வெளியே, கம்பியைப் பிடித்தபடி நின்றாள். ஏறவும் இல்லை, விலகவும் இல்லை. நானும் உங்களைத் தூக்கி வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். என்ஜின் ஓடத் தொடங்கியது.

"கடைசியில ஒண்ணு சொன்னியே மக்கா. கைதட்டுல எனக்குக் கேக்கல்ல. இன்னொருக்கச் சொல்லு."

"இங்கயா அப்பா?"

"பின்னே எங்க?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு அந்த இரைச்சலுக்கு நடுவில், மேடையில் நின்ற அதே குரலில் சொன்னாள்.

"நீங்க எல்லாரும் எங்களுக்காகவா இவ்வளவு நேரம் காத்துக்கிட்டு இருந்தீங்க?"

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். படியில் நின்ற கண்டக்டர், "பின்னல்லாதே! எத்ர நேரமாயி. வேகம் கேறு மோளே," என்று மலையாளத்தில் சொல்லி, 'பின்னே? எவ்வளவு நேரமாச்சு, சீக்கிரம் ஏறு' என்பதுபோல உள்ளே கையைக் காட்டினார்.

"அவ வரல்ல," என்றார் அவள் அப்பா. மடியிலிருந்த பையைத் தூக்கி, ஜன்னல் கம்பிக்கு அடியில் பக்கவாட்டில் திருப்பி, பஸ் நகர்வதற்குள் அவள் கையில் திணித்தார். "அவளுக்கு இஞ்ச சோலி கெடக்கு."

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் திரும்பியது. தலையை வெளியே நீட்ட முடியாததால் அவர் ஜன்னல் வழியாகக் கையை மட்டும் நீட்டி, எங்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்.

"அடுத்த மட்டம் வரும்போ அம்மையையும் கூட்டிட்டு வருவேன். அதுக்குள்ள மாப்பிளை வீட்டைக் கண்டுபிடிச்சுத் தொலைச்சிராதீங்க!"